பையன் பட வசனம் பேசுகிறான் என்று பயப்படும் அம்மாவுக்கு

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். படிவம் இரண்டு (இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு) படிக்கும் மகன் சினிமா ரௌடி மாதிரி நடக்கிறான், பேசுகிறான். வகுப்பில் ஆசிரியரிடம் ஒரு பட வசனத்தை எடுத்துவிட்டு, கட்டொழுங்கு ஆசிரியர் முன்னால் போய் நின்றிருக்கிறான். பாராங் கத்தி வருகிற பாட்டுக்கு வாயசைத்து டிக்டாக்கில் காணொளி போடுகிறான். உங்கள் மாமனார், 'சினிமாதான் நம்ம ஜனத்தையே கெடுத்தது' என்கிறார். கணவர், 'பொழுதுபோக்குதானே, விடு' என்கிறார். படம், பாட்டு, டிக்டாக் எல்லாம் சேர்ந்த இந்த வெகுஜனக் கலாச்சாரத்தால் சமுதாயத்துக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாமா, தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நடக்கும் தீபாவளிக் கலை இரவில் ராப் பாட வேண்டும் என்கிறானே, அதற்கு விடலாமா என்பது மீதிக் கேள்வி. இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான் என்று நினைக்கிறேன்: பிள்ளை கும்பலில் போய்ச் சேர்ந்துவிடுவானோ. அந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்து பீடோங்கில். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் சில காலம் கற்பித்துவிட்டு, ஆலோசகர் பயிற்சி எடுத்து, பணி ஓய்வு பெறும் வரை இடைநிலைப்பள்ளியில் பிள்ளைகளிடம் பேசுவதையே வேலையாகப் பார்த்தேன். இந்த அனுபவத்துக்கு ஓர் எல்லை உண்டு. என் அறைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள். அதே படத்தைப் பார்த்து, அதே வசனத்தைப் பேசித் திரிந்துவிட்டு, ஒழுங்காகப் படித்து இன்று சுங்கைப்பட்டாணியில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறவர்கள் என் கதவைத் தட்டியதே இல்லை. என் அறையில் பார்த்ததை மட்டும் வைத்து 'சினிமா கெடுக்கிறது' என்று நான் தீர்ப்புச் சொன்னால், அந்தப் பிள்ளைகளைக் கணக்கில் எடுக்காமல் சொன்னதாகிவிடும். அதனால் ஆராய்ச்சிகள் சொல்வதையும் பக்கத்தில் வைத்தே பேசுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, புகை. திரையில் புகைபிடிக்கும் காட்சிகள் பிள்ளைகளைப் புகைக்கத் தூண்டுகின்றன என்பதை அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, வெறும் தொடர்பு என்று நிறுத்தாமல், காரணம் என்றே சொல்லிவிட்டது. இந்தத் துறையில் இவ்வளவு திட்டமாக ஒரு முடிவைச் சொல்வது அபூர்வம். இன்று நம் பையன்கள் கையில் சிகரெட்டைவிட வேப் என்ற மின்சிகரெட்தான் அதிகம். நம் நாட்டில் 2024 அக்டோபர் 1 முதல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இரண்டையுமே விற்பது சட்டப்படி குற்றம். நாயகன் புகைவிட்டபடி மெதுவாக நடந்து வரும் காட்சி உங்கள் மகனுக்குப் பிடித்திருந்தால், வசனத்தைவிட அதைப் பற்றித்தான் நான் முதலில் கவலைப்படுவேன்.

அடிதடிக் காட்சி விஷயத்தில் அவ்வளவு தெளிவு கிடையாது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த சோதனையை ஆசிரியர் பயிற்சியில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறு பிள்ளைகள், பிறகு தாங்களும் அதே போல அடித்தார்கள். பலர் இதோடு நிறுத்திவிட்டு, 'பார்த்தீர்களா, பார்ப்பதைத்தான் செய்வார்கள்' என்பார்கள். அவரே 1965-இல் செய்த அடுத்த சோதனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால், 'அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு' என்று சொன்னதும், அவர்களும் மற்றவர்களைப் போலவே அப்படியே செய்து காட்டினார்கள். அதாவது, கற்றுக்கொள்வதில் எல்லாரும் ஒன்றுதான். கற்றதைச் செய்வதும் செய்யாமல் விடுவதும் அதற்கு என்ன கிடைக்கும் என்பதைப் பொறுத்தது. உங்கள் மகன் அந்த நடையையும் பேச்சையும் ஏற்கனவே கற்றுக்கொண்டுவிட்டான், அதை இனி அழிக்க முடியாது. அதற்கு அவனுக்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். வகுப்பு நண்பர்களின் சிரிப்போடு முடிந்தால் ஒரு கதை. மாலையில் கடை வாசலில் நிற்கும் பெரிய பையன் தோளில் தட்டி ஐம்பது வெள்ளி கொடுத்தால் அது வேறு கதை.

கொலை, வெட்டுக்குத்து அளவுக்கான வன்முறைக்குத் திரையையோ விளையாட்டையோ காரணம் சொல்லலாமா? வீடியோ விளையாட்டுகளைப் பற்றி அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது இது: கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு அவற்றுக்குச் சிறிய தொடர்பு இருக்கிறது, ஆனால் கொடிய வன்முறைக்கு அவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. சினிமாவுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இருந்தாலும் இவ்வளவு காலம் பிள்ளைகளிடம் பேசியதில் எனக்குப் பட்டதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

உங்கள் மாமனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர் கண்ட சீரழிவும் உண்மை. ஆனால் நம் மக்களைக் கெடுத்தது என்று சொன்னால் முதலில் சொல்ல வேண்டியது குடி, அது சினிமாவுக்கு முன்பே தோட்டத்தில் உட்கார்ந்திருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. வாங்கிய சம்பளம் அங்கேயே திரும்பிப் போனது. எங்கள் பீடோங்கில் 1947-இல் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை மறியல் செய்து, அது ஹார்வர்ட் தோட்டத்தில் போலீஸ் மோதலில் போய் முடிந்தது இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட வரலாறு.

கும்பலும் அப்படித்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போனது, கோயிலும் திடலும் கையைவிட்டுப் போயின. ரப்பர் பால் வெட்டு மட்டுமே தெரிந்த அப்பாவும் அம்மாவும் டவுனில் இரண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டின் கீழே நின்றார்கள். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கும்பல்கள் பெயராக வைத்துக்கொள்ளும் எண்களைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தக அட்டையில் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரே படம் பெட்டாலிங் ஜெயாவில் டாக்டர் வீட்டுப் பையனும் பார்க்கிறான், நம் தாமான் பையனும் பார்க்கிறான். ஒருவன் சிரித்துவிட்டு டியூஷனுக்குப் போகிறான். இன்னொருவனை மோட்டாரில் வந்து ஒருவன் ஏற்றிக்கொண்டு போகிறான். படம் அவனுக்கு உடுப்பை மட்டும்தான் கொடுத்தது. ஆளைக் கூட்டிப்போவது பணமும், 'உன்னை எவனும் தொட முடியாது' என்ற வார்த்தையும்தான்.

இதனால் சினிமா மேல் பழியே இல்லை என்று சொல்லவரவில்லை. நான் கோபத்தோடு சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பெண் வேண்டாம் என்கிறாள், அவன் பின்தொடர்கிறான், அவள் வீட்டு வாசலில் நிற்கிறான், கையைக் கிழித்துக்கொள்கிறான், கடைசியில் அவள் சிரிக்கிறாள். பல காலமாகத் தமிழ்ப் படங்கள் இதைக் காதல் என்று காட்டி வந்திருக்கின்றன. பெண் மறுப்பதைக் கதையின் முதல் கட்டம் என்று நம்பிக்கொண்டு என்னிடம் வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். கெட்ட பையன்கள் என்று சொல்ல முடியாது, சிலர் நன்றாகப் படிக்கிறவர்கள். பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் தினமும் போய் நிற்பதில் என்ன தப்பு என்று உண்மையாகவே புரியாமல் கேட்பார்கள். அந்தப் பெண் பிள்ளை பேருந்தையே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போக ஆரம்பித்திருப்பாள், அது அவர்களுக்குத் தெரியாது. 2023 மே 31 முதல் நம் நாட்டில் இப்படிப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது தண்டனைச் சட்டம் 507ஏ பிரிவின் கீழ் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அடிதடியில் திரையின் பங்கு எவ்வளவு என்று எனக்குச் சந்தேகம் உண்டு, இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் குறைவு. ஏனென்றால் அடிதடி தப்பு என்று வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பெண் பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. யாரும் பேசாத இடத்தில் படம் ஒன்றுதான் பேசுகிறது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் நாயகி வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் பார்த்து, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் களிம்பை வாங்கி முகம் வெந்து வந்த மாணவிகள் உண்டு. பாதரசம் கலந்த களிம்புகளைப் பற்றிச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்தும் வியாபாரம் நிற்கவில்லை. உங்களுக்குப் பெண் பிள்ளையும் இருந்தால் அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சரி, நன்மைக்கு வருவோம். 'பொழுதுபோக்குதானே' என்கிற உங்கள் கணவரும் இதைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதற்கு மேல் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டும், அதையும் எடுக்காமல் விடும் பிள்ளைகள் பலர். அப்படி விட்டவர்கள் வாயில் இன்றும் தமிழ் இருக்கிறதென்றால் அதில் பாட்டுக்கும் படத்துக்கும், மின்னல் எஃப்எம், ராகா போன்ற வானொலிகளுக்கும் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பேச்சோடு நின்றுவிடுகிறது, எழுத்துக்குப் போவதில்லை என்ற குறை உண்மைதான். பேச்சும் போய்விட்ட குடும்பங்களைப் பார்த்தவளாகச் சொல்கிறேன், அந்தப் பேச்சு சாதாரணமானது இல்லை.

அப்புறம், வெகுஜனக் கலாச்சாரம் என்றால் சினிமா மட்டும் இல்லை. சாதாரண ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்த பத்திரிகையும் அதில் சேர்ந்ததுதான். தமிழ் நேசன் 1924-இல் தொடங்கியது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, லயத்து வாசலில் சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்ட காலம் அது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் முன்னால் நின்ற ஆர்.எச். நாதன் தமிழ் நேசனில் வேலை பார்த்தவர். அவர்களுடைய கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது, கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இருந்தது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது என்பதும் இருந்தது. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையைக் கேட்கலாம் என்ற எண்ணம் ஒரு தொழிலாளிக்கு வந்ததில் பத்திரிகைக்கும் மேடைப் பேச்சுக்கும் பங்கு இருந்தது. பொழுதுபோக்கோடு பொழுதுபோக்காக வந்து சேர்ந்த எண்ணங்கள் அவை. உங்கள் மாமனாருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தாங்களே பாட ஆரம்பித்தது இன்னொரு நன்மை. போயட்டிக் அம்மோ குழு 1998-இல் தமிழையும் ஆங்கிலத்தையும் மலாயையும் ஒரே ஆல்பத்தில் சேர்த்து ராப் பாடியது. 2006-இல் யோகி பி & நட்சத்ரா முழுக்கத் தமிழில் பாடி, அது தமிழ்நாடு வரை போனது. அதுவரை நம் பையன்களுக்குப் பெருமை என்றால் சென்னையிலிருந்துதான் வர வேண்டும். நம் பேச்சை, நம் தெருவை ஒருவன் மைக் பிடித்துப் பாடுவதைக் கேட்டபோது, வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2015-இல் வந்த 'ஜகாட்' படமும் அப்படி. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது, 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை இழந்து வந்த குடும்பத்துச் சிறுவன், கும்பல் பக்கம் எப்படிச் சாய்கிறான் என்பதை அது காட்டுகிறது. மகனோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள், நடுவில் எதுவும் சொல்லாமல்.

தணிக்கையை நம்பி இருக்கலாமா என்றால், ஓரளவுதான். 2016-இல் 'கபாலி' இங்கே திரையிடப்பட்டபோது, கபாலி போலீசில் சரணடைந்தான் என்ற வரியைக் கடைசியில் சேர்த்துத்தான் காட்டினார்கள். அந்த வரியால் மனம் மாறியதாக எந்தப் பையனும் என்னிடம் சொன்னதில்லை. இரண்டரை மணி நேரம் பார்த்ததைக் கடைசி வரி மாற்றாது. மாற்றக்கூடியது பார்த்து முடித்த பிறகு நடக்கும் பேச்சு. நான் சிறுமியாக இருந்தபோது தோட்டத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாய் விரித்து எல்லாரும் ஒன்றாக உட்காருவோம், இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் இடம் வலமாகப் பார்ப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போகும் போதும் அதைப் பற்றித்தான் சண்டை. 'அவன் செஞ்சது சரியா, அம்மாவ விட்டுட்டுப் போவானா ஒருத்தன்' என்று கிழவிகள் கேட்பார்கள். அந்தப் படங்களிலும் அபத்தம் நிறையவே இருந்தது. அதை அபத்தம் என்று சொல்ல நாலு பெரியவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். இன்று உங்கள் மகன் போர்வைக்குள் தனியாகப் பார்க்கிறான். எது அவனை அதிக நேரம் பிடித்து வைக்கிறதோ அதையே டிக்டாக் அவனுக்கு மேலும் மேலும் எடுத்துக் கொடுக்கிறது. மாறிப்போனதில் என்னை அதிகம் பயமுறுத்துவது இந்தத் தனிமைதான், காட்சிகள் இரண்டாவது.

அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்பதற்கு என் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவன், தனக்குப் பிடித்த கும்பல் படத்தின் கதையை எனக்கு உற்சாகமாகச் சொன்னான். நாயகன் எத்தனை பேரை அடித்தான், என்ன சட்டை போட்டிருந்தான், எல்லாம் சொன்னான். நான் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், 'அவன் கூட்டாளி ஒருத்தன் இடைவேளைக்கு முன்னாடி செத்துப்போவானே, அவன் பேரு என்ன?' என்று கேட்டேன். யோசித்தான். 'ஞாபகம் இல்ல டீச்சர்' என்றான். 'அவன் வீட்டுல யாரு இருந்தாங்க?' 'காட்டலயே டீச்சர்.' 'இங்க கும்பல்ல சேர்ற பையன் யாரா இருப்பான், அந்த நாயகனா, செத்துப்போன கூட்டாளியா?' பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்ததும் எழுந்து போனான். அடுத்த வாரம் அவனாகவே வந்து வேறு ஒரு படத்தைப் பற்றிப் பேசினான், அதில் செத்தவன் பெயரைத் தெரிந்துகொண்டு வந்திருந்தான். இந்தப் பேச்சு எல்லாப் பிள்ளைகளிடமும் எடுபடும் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு வீட்டில் பாட்டி இருந்தார், கால்பந்து இருந்தது, அதெல்லாம் சேர்ந்துதான் அவன் தேறினான்.

இனி உங்கள் வீட்டுக்கு. கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் நண்பன் கைப்பேசியில் பார்ப்பான், அதோடு உங்களிடம் சொல்வதையும் நிறுத்திவிடுவான். இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசி கூடத்தில்தான் சார்ஜ் ஆகும் என்று ஒரே விதி போடுங்கள், அது அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சேர்த்து. வாரத்தில் ஒரு படம் அவன் தேர்ந்தெடுக்க, நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். பாராங் காணொளியைப் பற்றி ஒழுக்கம் பேசாமல், இதைப் போலீஸ் பார்த்தால் என்ன ஆகும், வேறு கும்பல் ஆள் பார்த்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அவனே எடுத்துவிட வாய்ப்பு அதிகம். ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வசனமும் முடிவெட்டும் எனக்கு அபாய அறிகுறிகள் இல்லை. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணம், புதுக் கைப்பேசி, பள்ளி முடிந்ததும் ஏற்றிப்போக வரும் பெரிய ஆட்கள், இறுதி ஊர்வலத்துக்கு ஒரே நிற டீ-சட்டை போட்டுக்கொண்டு போவது, பழைய நண்பர்களைத் திடீரென்று விட்டுவிடுவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் 15999, தாலியான் காசே என்ற உதவி எண், எந்த நேரத்திலும் கூப்பிடலாம். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. நேரில் பார்க்காமல் எழுத்தை மட்டும் வைத்து இதற்கு மேல் நான் உறுதி சொல்வது சரியாகாது.

கலை இரவில் பாட விடுங்கள். யாரோ எழுதிய வரிகளுக்கு வாயசைக்காமல் சொந்தமாக எழுதிப் பாட வேண்டும், மேடைக்குப் போகுமுன் தாத்தாவுக்குப் பாடிக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். என்ன எழுதுவது என்று திணறினால், தாத்தா பால் மரம் வெட்டிய தோட்டத்தைப் பற்றி அவரிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒத்திகை யார் வீட்டில், எத்தனை மணி வரை, யார் கொண்டுவந்து விடுவார்கள் என்பதை நீங்கள் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.